முட்டை ஏத்தின வண்டி

வண்டி பார்க்கப் போன அன்று மீட்டரில் 4,12,608 என்று நின்றது. பூமியைப் பத்து முறை சுற்றி வந்தால் ஆகிற தூரம். மெக்கானிக் பாயின் முழங்கையை இடித்து, "கிளம்பிரலாமா பாய்?" என்று கிசுகிசுத்தேன். அவர் என்னைச் சட்டையே செய்யவில்லை. "பானெட்டைத் தூக்குங்க" என்றார் முட்டைக்காரரிடம்.

2019 மாசி மாதம். நாமக்கல்லில் ஒரு முட்டை மொத்த வியாபாரியின் குடோன் வாசல். வண்டி 2011 மாடல் பொலேரோ பிக்கப். வெள்ளை நிறம், மஞ்சள் போர்டு. எனக்கு ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஆறு ஏக்கர். முருங்கை, தக்காளி, இடையில் கொஞ்சம் மக்காச்சோளம். அதுவரை மார்க்கெட்டுக்கு வாடகை வண்டிதான். விலை ஏறுகிற நாளில் வாடகை வண்டிக்காரர் போனை எடுக்க மாட்டார், எல்லாருக்கும் அன்றைக்குத்தான் வண்டி வேண்டும். ஒருமுறை 60 பெட்டி தக்காளி வரப்பிலேயே ஒரு ராத்திரி கிடந்து, காலையில் அடிப்பெட்டியிலிருந்து சாறு ஒழுகியது. அந்தச் சாற்றைப் பார்த்த அன்றுதான் சொந்தமாக ஒரு வண்டி என்று முடிவானது. புது வண்டிக்குக் கையில் பணமில்லை. வங்கிக் கடனுக்கு மனமில்லை. ஏற்கெனவே போர்வெல்லுக்கு வாங்கியது பாக்கி இருந்தது.

அதற்கு முன் மூன்று வண்டி பார்த்திருந்தோம். தாராபுரத்தில் ஒன்று மீட்டரில் வெறும் 1,60,000 காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். பாய் பின்தொட்டியின் மூலையில் விரலை விட்டுச் சுரண்டி, நகக்கண்ணில் ஏறிய சாம்பல்நிறப் பொடியை எனக்குக் காட்டினார். எம்-சாண்ட், கல்லை அரைத்துச் செய்கிற மணல். "ஆர்.சி.ல ஒண்ணேகால் டன்னு இருக்கும், இவன் ரெண்டரை ஏத்தியிருப்பான். ஸ்பிரிங் பட்டை எல்லாம் புதுசு பாத்தியா? எதுக்கு புதுசு போட்டான்னு யோசி" என்றார். இன்னொன்று கடற்கரைப் பக்கத்து மீன் வண்டி. ஐஸ் உருகி வடிந்த உப்புத்தண்ணீர் சேஸிஸை உள்ளிருந்தே தின்றிருந்தது. ஸ்பேனரால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்றது. மூன்றாவதில் மீட்டர் 90,000. பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து இரும்பு பளபளத்தது. மீட்டரைத் திருப்பத் தெரிந்தவனுக்கு நூறு ரூபாய் பெடல் ரப்பரை மாற்றத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

முட்டைக்காரர் மீட்டரில் கை வைக்கவில்லை. வைக்கத் தெரியாதவர் போலவும் இல்லை.

பாய் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த ஓட்டையின் மேலேயே தலைகீழாகச் சும்மா வைத்தார். மூடி லேசாக நடுங்கியது. அவ்வளவுதான். "ரிங்கு தேஞ்சிருந்தா இந்நேரம் இது எகிறிக் கீழ விழுந்திருக்கும் தம்பி. பிஸ்டனைத் தாண்டி கீழ எறங்குற காத்து இப்படித்தான வெளிய வரணும்." பிறகு பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தபோது ஒரு கறுப்புக் கொத்து வந்து அடங்கியது. அது டீசல் வண்டியின் குணம். நீலம் வந்தால்தான் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். நீலம் இல்லை. வெள்ளைப் புகை கிளம்பி அது நிற்காமலே வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லை. கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர், என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்:

"முட்டை ஏத்தின வண்டி தம்பி. கண்ணை மூடிட்டு வாங்கு."

எனக்குப் புரியவில்லை. பிறகு முட்டைக்காரரே விளக்கினார். நாமக்கல்லிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் வாடிக்கையாக லோடு. முப்பது முட்டை கொள்ளும் அட்டைத் தட்டுகள், அடுக்கடுக்காக, ஒரு நடைக்கு இருபதாயிரம் முட்டைக்கு மேல். எடை என்று பார்த்தால் ஒரு டன் சொச்சம்தான். வண்டி தாங்க வேண்டியதற்கு மேல் ஒரு கிலோ இல்லை. உடைந்த முட்டையை டிரைவர் பேட்டாவில் பிடிப்பது அவர் குடோன் வழக்கம். அப்படிப்பட்ட டிரைவர் பள்ளத்தில் எப்படி இறக்குவான், வேகத்தடையில் எப்படி ஏற்றுவான், பிரேக்கை எப்படித் தொடுவான்? எட்டு வருஷம் ஒரே ஆள், ஒரே ரோடு. நாலு லட்சம் கிலோமீட்டரையும் அந்த மனுஷன் முட்டை மேல் நடப்பது போலவே ஓட்டியிருக்கிறார்.

2,75,000 கேட்டார். 2,40,000-க்கு முடிந்தது. பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. பழைய ஃபைனான்ஸ் முடிந்ததற்குப் படிவம் 35. என்னிடம் கார் ஓட்டும் லைசென்ஸ்தான் இருந்தது. பேட்ஜ் இல்லாமல் மஞ்சள் போர்டு ஓட்டலாமா என்று ஊரில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதும் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆனாலும் செக்போஸ்ட்டில் கை காட்டும்போது வயிற்றில் ஒன்று புரளும். பழைய வண்டி வைத்திருக்கிறவனுக்கே உள்ள புரளல் அது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மூக்கைச் சுருக்கி, "கோழிக்கூண்டு மாதிரி அடிக்குது" என்றார். அந்த வாசனை போக இரண்டு மழைக்காலம் ஆனது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஏமாறுவது வாங்கிய விலையில் இல்லை. வாங்கின பிறகு முதல் ஆறு மாதத்தில் கேட்கும் பணத்தில்தான். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். நாலு டயர். பேட்டரி. கிளட்ச் செட், கூலியோடு 9,500. ரேடியேட்டர் கழற்றி அடைப்பு எடுத்தது. இன்ஜெக்டரும் பம்பும் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய் சரிபார்த்தது 18,000. டைனமோ ஒருமுறை, செல்ஃப் மோட்டார் ஒருமுறை. ஆறு மாதத்தில் 71,000 ஆகிவிட்டது. என் மனைவி நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி 2,40,000-க்கு வாங்கினோம்னு இனிமே சொல்லாதீங்க" என்றாள். நியாயம்தான். அது 3,11,000 ரூபாய் வண்டி. ஆனால் ஏழாவது மாதத்திலிருந்து வண்டி அடங்கிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஆயில், கிரீஸ், பஞ்சர் தவிர நோட்டில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. அந்த 71,000-ஐ ஒதுக்கி வைக்காமல் வாங்குகிறவன்தான் எட்டாம் மாதம் பாதி விலைக்கு விற்கிறான். அந்த வண்டியை அடுத்தவன் வாங்கிப் பத்து வருஷம் ஓட்டுகிறான்.

இந்த வண்டியை நான் ஓட்டுவது பாதி கையால், பாதி காதால். ஏசி கிடையாது, பாட்டுப் பெட்டி வேலை செய்யாது. ஒருவகையில் அது நல்லதுதான். நியூட்ரலில் நிற்கும்போது 'கிர்ர்' என்று ஒரு ஓசை, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறதா? கியர்பாக்ஸ் முன் பேரிங். நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் கிளம்புகிறதா? ரிலீஸ் பேரிங். முதலாவது கொஞ்சகாலம் பொறுக்கும். இரண்டாவது பொறுக்காது, நட்டாற்றில் விடும். அறுபதில் போகும்போது தேனீக்கூட்டம் போல ஒரு ரீங்காரம். ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது, வலப்பக்கம் ஒடித்தால் குறைகிறது என்றால் கெட்டது வலது சக்கர பேரிங். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல்தானே சாய்கிறது. இதையெல்லாம் பாய் பட்டறையில் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் "என்னமோ சத்தம் வருது பாய்" என்று போய் நிற்பேன். அவர் சாவியை வாங்காமல், "எப்ப வருது? மிதிச்சாலா, விட்டாலா? நேரா போறப்பவா, ஒடிக்கிறப்பவா?" என்று கேட்பார். மூன்றாவது தடவையிலிருந்து அந்தக் கேள்விகளை நானே கேட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஐந்தாவது தடவை, "வீல் பேரிங் பாய், வலது முன்னாடி" என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, டீ சொன்னார். அன்றைக்கு டீக்காசு அவருடையது.

காலி வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிக்கப் ஓட்டாதவர்களுக்கு இது தெரியாது. லோடு இருந்தால் வண்டி யானை மாதிரி நிதானமாகப் போகும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். பட்டை எல்லாம் டன்னைத் தாங்கச் செய்தது. வெறும் காற்றைச் சுமக்க அதற்குத் தெரியாது. முதல் மழையில், ரோட்டில் எண்ணெயும் புழுதியும் குழைந்து கிடக்கும்போது, காலி வண்டியில் பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி நம்மை முந்தப் பார்க்கும். நான் மழைக்காலம் முழுக்க இரண்டு மூட்டை மணலை ஆக்ஸிலுக்கு நேர் மேலே போட்டே வைத்திருப்பேன். எம்-சாண்ட் இல்லை, ஆற்று மணல், அப்பா காலத்து மிச்சம்.

இனி அந்த மலை இறக்கம்.

2021 ஆவணி. மச்சானுக்கு தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம். ஊடுபயிராக மிளகு, பட்டர் ஃப்ரூட், ஓரத்துப் பந்தலில் சௌசௌ. வருஷத்துக்கு நாலைந்து நடை நான்தான் கீழே இறக்கிக் கொடுப்பேன். அன்றைக்கு இருபது மூட்டை. பக்கத்தில் மனைவி, மடியில் அவள் அண்ணன் வீட்டில் கொடுத்த காபிப்பொடி டப்பா. பாச்சலூர் தாண்டி வடகாடு வழியாக இறங்குகிறோம். மலை ரோட்டில் பழைய விதி ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இரண்டாவதில் முக்கி முக்கி ஏறிய இடத்தை இறங்கும்போது நாலாவதில் வழுக்கிக்கொண்டு வந்தால், பிரேக் சூடேறி, ஐந்தாவது வளைவில் பிரேக் இருக்கும், பிடிப்பு இருக்காது. நான் அந்த விதியை மீறியதில்லை. அன்றும் இரண்டாவது கியர்தான்.

மூன்றாவது வளைவில் பிரேக்கை அழுத்தினேன், பிடித்தது. அடுத்ததில் பிடித்தது, ஆனால் பெடல் கொஞ்சம் உயரத்திலேயே நின்ற மாதிரி இருந்தது. அதற்கு அடுத்ததில் காலுக்குக் கீழே பெடல் இல்லை, கருங்கல் இருந்தது. அமுங்கவே இல்லை. வண்டி போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு காலையும் சேர்த்து, முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. "என்னங்க?" என்றாள் மனைவி. "ஒண்ணுமில்ல, டப்பாவைக் கீழ வை" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. கிளட்சை மிதித்து ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டு முதல் கியருக்குத் தள்ளினேன். அது பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது. எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுத்துக்கொண்டே, வண்டியை மலைப்பக்கத்து வாய்க்காலை ஒட்டிக் கொண்டுபோய் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கினேன். நின்றது. இதற்கெல்லாம் இருநூறு அடி தூரம்கூட ஆகியிருக்காது. சௌசௌ மூட்டை ஒன்று அவிழ்ந்து தொட்டிக்குள் காய்கள் உருளும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் பானெட்டைத் தூக்கினேன். 'உஸ்ஸ்' என்று ஒரு சீற்றம். டைனமோவின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்குவம் பம்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். நாம் காலால் கொடுக்கும் அழுத்தத்தைப் பல மடங்காக்குவது அந்த பூஸ்டர். அது வேலை செய்ய அதற்குள் காற்றில்லா நிலை வேண்டும். குழாயின் நுனி, கிளிப் போட்ட இடத்துக்குக் கீழே, வெயிலில் காய்ந்த பலாச்சுளை மாதிரி வெடித்திருந்தது. பூஸ்டரில் மிச்சமிருந்த வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குக் கைகொடுத்திருக்கிறது. அதுதான் அந்த இரண்டு வளைவு. அதற்குப் பிறகு பிரேக் இல்லாமல் போகவில்லை. பிரேக் முழுக்க என் காலின் பலத்துக்கு வந்துவிட்டது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இல்லை, பதறியிருப்பேன்.

இதில் வண்டியைக் குறைசொல்ல எதுவுமில்லை. பாய் ஆடி மாதமே அந்தக் குழாயை நகத்தால் அழுத்திக் காட்டி, "ரப்பர் செத்துப்போச்சு, மாத்திரு" என்று சொல்லியிருந்தார். எண்பது ரூபாய்ச் சாமான். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

நல்லவேளை, குழாயில் நீளம் மிச்சமிருந்தது. மூட்டைக் கயிறு அறுக்கும் கத்தியால் வெடித்த நுனியை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, மீதியை இழுத்து மூக்கில் சொருகி, கிளிப்பை முறுக்கினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்தால் அது கல்லாகிவிடும். அப்படியே மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலுக்குக் கீழே பெடல் ஒரு பெருமூச்சு மாதிரி மெல்ல இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்கியது. இன்றும் காலையில் வண்டி எடுக்கும்போது இதைச் செய்யாமல் நான் கிளம்புவதில்லை. பரப்பலாறு அணைத் தண்ணீர் கண்ணில் படும்வரை மனைவி பேசவில்லை. பிறகு, "அண்ணனுக்கு இதைச் சொல்ல வேண்டாம், அடுத்த நடைக்கு லோடு தரமாட்டாரு" என்றாள்.

ஊரில் பிக்கப் வைத்திருப்பவனுக்கு இன்னொரு பாடு உண்டு. வண்டி அவனுடையது, அதன் மேல் உரிமை ஊருக்கு. சீர்வரிசைக்கு பீரோ கட்டில், கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர், காதுகுத்துக்குப் பாத்திரம், சந்தைக்கு ஆடு. டீசல் போட்டுக்கொடுப்பார்கள், வாடகை என்று பேச்செடுத்தால் முகம் மாறும். அதையெல்லாம் நான் மறுத்ததில்லை. ஆள் ஏற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். பழனிக்கு முப்பது பேர் பின்தொட்டியில் நின்று போவது எங்கள் பக்கத்தில் ரொம்ப சாதாரணம். சரக்கு வண்டியில் சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட வரலாம், இன்ஷூரன்ஸ் அவருக்குப் பேசும். சும்மா ஏறிக்கொண்டவருக்குப் பேசாது. ஒன்று நடந்துவிட்டால் என் ஆறு ஏக்கரையும் விற்றாலும் தீராது. இதைச் சொன்னதற்கு பங்காளி ஒருவர் இரண்டு வருஷம் பேசவில்லை. பேசாமலே ஒரு நாள் உரமூட்டை எடுத்துவர வண்டி கேட்டு ஆள் அனுப்பினார். கொடுத்தேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் 2022-ல் புதுசு எடுத்தார், வேறு கம்பெனி வண்டி. பி.எஸ்.-6, புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தது. உட்கார்ந்தால் சோபா, ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் சுற்றலாம். ஒருநாள் மார்க்கெட் போகிற வழியில் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி முப்பதுக்கு மேல் போகமாட்டேன் என்றுவிட்டது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டதாம். எப்போதாவது ஹைவேயில் இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட்டினால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். இவர் தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் இடையில் உருட்டிக்கொண்டே இருந்தால் எங்கே எரியும்? லேப்டாப் வைத்திருப்பவர் வந்துதான் சரியானது. எனக்கு உள்ளூர ஒரு குதூகலம், மறுக்கவில்லை. என் வண்டியில் லேப்டாப் சொருக இடமே கிடையாது. டீசல் தீர்ந்து ஏர் பிடித்துக்கொண்டால் ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, நுரை போய் சுத்தமான டீசல் வழியும்வரை பொறுத்தால் போதும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, பொறுமை ஒன்று.

ஆனால் அந்தக் குதூகலத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த வடிகட்டி எதற்காக அங்கே இருக்கிறதோ, அது என் வண்டியில் இல்லை. குளிர்காலக் காலையில் வாசலில் ஸ்டார்ட் செய்தால் கறுப்பு நேராகத் திண்ணைக்குத்தான் வரும். மகளுக்கு வீசிங் இருப்பது தெரிந்த பிறகு வண்டியைத் தெருமுனைப் புளியமரத்தடியில் நிறுத்துகிறேன். தெருமுனை வீட்டுக்காரரும் நல்ல மனிதர்தான். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2022-ல் மீட்டர் கேபிள் அறுந்து, எட்டு மாதம் முள் பூஜ்ஜியத்திலேயே படுத்திருந்தது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதி என்கிற சான்றுக்கு, காட்டும் முன்புதான் மாற்றினேன். அந்த எட்டு மாத ஓட்டம் எந்தக் கணக்கிலும் கிடையாது. ஆயில் மாற்ற எனக்குக் கிலோமீட்டர் தேவைப்பட்டதில்லை. ஆடியில் ஒன்று, தையில் ஒன்று.

எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. ஒவ்வொரு முறையும் டிங்கரிங், பெயின்ட், பிரதிபலிக்கிற ஸ்டிக்கர், பக்கவாட்டுக் கம்பி. அதற்கே பதினைந்திலிருந்து இருபதாயிரம் போகும். பெயின்டர் ஒவ்வொரு வருஷமும் பின்கதவில் வெள்ளை அடிப்பார். மூன்று மாதம் வெயில் பட்டதும் அடியிலிருந்து பச்சை எழுத்து மங்கலாக மேலே வரும். 'ட்டை'. முதல் எழுத்து மட்டும் என்றோ ஒரு சுவர் உரசியதில் போய்விட்டது. மார்க்கெட்டில் இறக்குகூலிக்காரர்கள் "ட்டை வந்திருச்சு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

2026-ல் வண்டிக்குப் பதினைந்து வயது. 2021-ல் ஒன்றிய அரசு பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை அறிவித்தது, 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்தைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் பல மடங்கானது. 2023 ஏப்ரலிலிருந்து அரசுத் துறைகளின் பதினைந்து வயது வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. தலைநகர் டெல்லியில் இருந்திருந்தால் டீசல் வண்டிக்குப் பத்து வயதிலேயே கதை முடிந்திருக்கும். காற்று அங்கே அப்படி. எனக்கு அதில் வாதமில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஆறரை வருஷத்தில் நோட்டில் எழுதிய மொத்த ரிப்பேர், எஃப்.சி. செலவையும் சேர்த்து 3,40,000 சொச்சம். மாதத்துக்கு 4,400 வாக்கில். புது பிக்கப் ரோட்டுக்கு வர 2025-ல் பத்து லட்சத்தைத் தொட்டது. தவணை மாதம் இருபதாயிரத்துக்குக் குறையாது. தக்காளி 14 கிலோ பெட்டி நூறு ரூபாய்க்குப் போகிற மாதமும் தவணைத் தேதி மாறாது.

போன வாரம் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வண்டி கேட்டு வந்தார். சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். எல்லாரும் எதற்கு டயரை உதைக்கிறார்கள் என்று தெரியவில்லை. 1,90,000 தருவதாகச் சொன்னார். பதினாலு வயது வண்டிக்கு அது நல்ல விலை. நல்ல விலை என்று எனக்குத் தெரிந்ததால்தான் வயிற்றைப் பிசைந்தது. வண்டிக்குள் எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டு, "அஞ்சே கால் லட்சம் காட்டுது, நெஜமா எம்புட்டுங்க ஓடியிருக்கும்?" என்று கேட்டார்.

"கிலோமீட்டரைப் பாக்காதீங்க. எட்டு வருஷம் முட்டை ஏத்தின வண்டிங்க இது" என்று ஆரம்பித்தேன். நாமக்கல், பாலக்காட்டு ரோடு, டிரைவர் பேட்டாவில் பிடிக்கும் உடைசல் எல்லாம் சொன்னேன். ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்துக்கூடக் காட்டினேன். மூடி முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடுங்கியது. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சூளைக்கு ஒரு நடைக்கு எம்புட்டு கல்லு ஏத்துவீங்க?" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பைக் சாவியை எடுத்துக்கொண்டார்.

"தர மனசில்லைன்னா தரமாட்டேன்னு சொல்லிருங்க மாப்ள. அதுக்கெதுக்கு இம்புட்டு முட்டைக் கதை?"